கோச்சி போயிருச்சா? ஒரு பேய்க் காதல் கதையைப் பிள்ளைகள் திருத்திய விபரம்

“டீச்சர், கதவு இறுகிப்போச்சுன்னா பேய்னு உக்காந்திருக்கக் கூடாது. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடணும்.”

நான் எழுதிய பேய்க்கதையைப் பிள்ளைகளுக்கு வாசித்து முடித்துக் கொப்பியை மூடியதும் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் இதுதான். சொன்னவன் தரம் 10 படிக்கிறவன். மற்ற நாட்களில் வாயே திறக்க மாட்டான்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) கூடுவோம். கைக்குழந்தைகளுக்கான தொட்டில் சேலைகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டுக் கீழே பாய் விரித்து உட்காருவோம். அன்றைக்கு 11 பேர் வந்திருந்தார்கள். 14 வயதுக்குக் குறைந்தவர் இல்லை, 17 வயதைத் தாண்டியவரும் இல்லை. ஆடி மாதம், வெளியே தகரக்கூரையை உடைப்பது போல மழை. பேய்க்கதை வாசிக்க இதைவிட நல்ல நாள் அமையாது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் போனேன். திரும்பி வரும்போது கொப்பியின் பாதிப் பக்கங்களில் கோடு விழுந்திருந்தது.

அந்தக் கதை எப்படிக் கெட்டது, எப்படித் திருந்தியது என்பதை முடிந்தவரை ஒளிக்காமல் எழுதிவைக்கிறேன்.

முதல் பிரதி

மேகலாவுக்குப் பதினாறு வயது. அம்மா வெளிநாட்டில் வேலை, அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில். அம்மாயியுடன் (அம்மாவின் அம்மா) ஒரே லயக்காம்பராவில், வரிசை வீட்டு அறையில், இருக்கிறாள். மழைக்காலத்தில் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறான். அழகன், பேச்சு குறைவு, நனைந்தே இருப்பான். அவன் உயிரோடு இல்லை. 1973 இல் அவனுடைய குடும்பத்துக்கு இந்தியா போக நாள் குறித்தாகிவிட்டது. இதே காம்பராவில் இருந்த ஒருத்தியை விட்டுப் போக மனமில்லாமல், புறப்படும் அன்று மலையில் ஒளிந்திருக்கிறான். அன்றைய மழையில் மண் சரிந்து அவன் மேல் விழுகிறது. ஐம்பது வருஷம் கழித்து மேகலாவைப் பார்த்து அவளைத்தான் தேடினேன் என்கிறான். மேகலா பயப்படுகிறாள், பிறகு காதலிக்கிறாள், பிறகு அவளுக்குப் பேய் பிடித்ததென்று கோடாங்கியைக் கூட்டிவருகிறார்கள். கடைசிப் பக்கத்தில் கண்விழிக்கிறாள். எல்லாம் காய்ச்சலில் வந்த கனவு.

இவ்வளவும் போதாதென்று மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தையும் இழுத்து வந்திருந்தேன். அணையை 1969 இல் கட்டி முடித்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வறட்சி வந்தால் பழைய கோயில் சேற்றுக்கு மேலே தலை காட்டும். எழுதுகிறவருக்கு அதைவிட ஆசை காட்டும் இடம் உண்டா? மேகலாவும் அவனும் சந்திப்பதை அந்தக் கோயில் படியில் வைத்தேன். வாசித்தபோது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. “அங்க பேய் எங்க டீச்சர் வரும்? தண்ணி வத்தினா ஐஸ்கிரீம் வேன்தான் வரும்.” அந்தக் காட்சி அன்றே போயிற்று. ஊருக்கு வெளியிலிருந்து வருகிறவர் படமெடுக்கும் இடத்தில் நான் பேயை நிறுத்தியிருந்தேன். இவர்கள் பயப்படும் இடம் வேறு எங்கேயோ இருந்தது.

கதவு, பீலி, சுவர்

இனி அந்தப் பையன் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் உலுக்கியது அதுதான்.

பேய் வருவதற்கு அறிகுறியாக மூன்று விஷயங்களை எழுதியிருந்தேன். நேற்றுவரை இலேசாகத் திறந்த கதவு நிலையில் இறுகிக்கொள்கிறது. பீலித்தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாயில் வருவது) திடீரென்று தேயிலைச் சாயம் போலக் கலங்கி வருகிறது. சுவரில் மயிரிழை போல ஒரு கீறல், இரவுக்கிரவு நீள்கிறது. மூன்றையும் நான் சிறுவயதில் கேட்ட கதைகளிலிருந்து எடுத்தேன், நன்றாகத்தான் எழுதியிருந்தேன். கீறல் அம்மாயியின் சாமிப்படத்தை எட்டும் இடத்தில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு முன்னறிகுறி என்று சொல்லிக்கொடுப்பவற்றில் இவை மூன்றும் உண்டு. சுவரிலும் நிலத்திலும் வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்வது, ஊற்று கலங்குவது அல்லது நின்றுபோவது, கதவு ஜன்னல் இறுகுவது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் விழித்திரு, 100 தாண்டினால் ஆயத்தமாகு, 150 தாண்டினால் வெளியேறு என்று படிப்படியாகச் சொல்வார்கள். அந்தப் பையனின் லயம் ஆபத்துப் பகுதி என்று குறிக்கப்பட்ட சரிவில் இருக்கிறது. போத்தலை வெட்டிக் கோடு போட்டு மழை அளக்கிறான். தாய் தகப்பன் மலைக்குப் போன நேரத்தில் தங்கச்சிக்குப் பொறுப்பு அவன்.

நான் அவனுக்கு என்ன கொடுத்தேன்? ஓடவேண்டிய அறிகுறியைப் பார்த்து உட்கார்ந்து நடுங்கச் சொல்லிக் கொடுத்தேன். கதையில் அம்மாயி கீறலைப் பார்த்துவிட்டு விபூதி பூசுகிறாள், நூல் கட்டுகிறாள், கோடாங்கிக்கு ஆள் அனுப்புகிறாள். மூன்று நாள் ஓடுகிறது. நிஜத்தில் மூன்று நாள் கிடைக்காது.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்தப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அது முன்கூட்டியே எச்சரிக்கப்பட்ட இடம். மாற்றுக்காணியும் வீடும் வேளைக்குக் கிடைக்காமல் ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். அந்த மண்ணில் ஒரு சாபத்தைக் கொண்டுவந்து வைத்தால் யாருக்கு வசதி என்று யோசித்துப் பார்த்தேன். செத்தவர்களுக்கு வசதியில்லை என்பது நிச்சயம்.

ஆகவே இரண்டாம் பிரதியில் மண்சரிவு வெறும் மண்சரிவு. கதவு இறுகினால் அம்மாயி பேரப்பிள்ளையையும் அடையாள அட்டை வைத்த பையையும் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போகிறாள், அவ்வளவுதான். பேய்க்கு அதில் ஒரு பங்கும் இல்லை. “பேய் வந்து முன்னாடியே சொல்லிக் காப்பாத்துற மாதிரி வச்சா என்ன டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல யோசனைதான், நானும் ஒரு நிமிஷம் மயங்கினேன். அந்தப் பையன்தான் மறுத்தான். “அப்ப மீரியபெத்தையில இருந்தவங்களுக்கு ஏன் எந்தப் பேயும் சொல்லல?” அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. மழைச் சத்தம்தான் கேட்டது.

தகரப் பெட்டி

அறிகுறி மூன்றும் போய்விட்டன. பேய் வருவதை இனி எப்படிச் சொல்வது?

கதையை அவர்களிடமே விட்டேன். உங்கள் லயத்தில் நடுச்சாமத்தில் எந்தச் சத்தம் கேட்டால் எழும்பி உட்காருவீர்கள்? நாய் குரைப்பது என்றார்கள், வேண்டாம் என்றேன். எல்லாக் கதையிலும் நாய்தான் குரைக்கிறது. புலி சத்தம் என்றான் ஒருவன். இங்கே சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம். அதற்கும் மெய்யாகவே கதவைச் சாத்த வேண்டும், அது வேறு கணக்கு. கொஞ்ச நேரம் கழித்து 14 வயதுப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: “எங்க தாத்தாவோட தகரப் பெட்டிய இஸ்தோப்பு சீமெந்துல இழுத்தா பல்லு கூசும் டீச்சர்.”

அதுதான். (இஸ்தோப்பு என்பது காம்பராவின் முன்திண்ணை.) சொல்லும்போதே நாலைந்து பேர் தோளைக் குறுக்கினார்கள்.

தகரப் பெட்டி எங்கள் மலையகத்தில் வெறும் பெட்டி கிடையாது. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 இல் பாதிக்குப் பாதி. இங்கேயே பிறந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோச்சியேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். 1984 இல் கப்பல் நிற்கும்வரை அது நடந்தது. வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் வைத்த ஒப்பாரியால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வந்தது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு.

முதல் பிரதியில் இதெல்லாம் காதலுக்குப் பின்னணி மட்டும், சினிமா செட் மாதிரி. இப்போது பேயின் உடம்பே அதுவாயிற்று. நடுச்சாமத்தில் லயத்தின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரைக்கும், இஸ்தோப்பு இஸ்தோப்பாக, யாரோ தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு காம்பராவின் முன்னாலும் சத்தம் நிற்கிறது. கொஞ்ச நேரம். பிறகு அடுத்த காம்பரா. மேகலாவின் வாசலில் நின்ற சத்தம் மட்டும் திரும்பத் தொடங்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பையனின் குரல், மிகவும் மரியாதையாக: “கோச்சி போயிருச்சா?”

இரண்டாம் பிரதியில் பேய் பேசுவது இந்த ஒரு கேள்வியை மட்டும்தான். முதல் பிரதியில் அவன் பக்கம் பக்கமாகப் பேசினான், கவிதை கூடச் சொன்னான். வெட்டியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் பேசாத பேய்தான் கொப்பியை மூடிய பிறகும் வீட்டுக்குக் கூடவே வருகிறது.

ஜன்னலில் நிற்கிறவன்

காதல் பகுதிக்கு வருவோம். இந்த வரியை எழுதிவிட்டு நான் பெருமைப்பட்டதை ஒப்புக்கொள்கிறேன்: “மழையில் நனைந்தபடி, அவள் தூங்குவதை அவன் விடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.”

“எங்க லயத்துக்குப் பின்னாலயும் ஒருத்தன் அப்படித்தான் நின்னான்,” என்றாள் தரம் 11 பிள்ளை ஒருத்தி. “அப்பா மண்வெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனாரு.” எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அவள் சிரிக்கவில்லை. “செத்ததால மட்டும் அவன் நல்லவனாயிருவானா டீச்சர்?”

இந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் பேயைக் காதலனாக வைத்திருக்க என்னால் முடியவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் உடை மாற்றக்கூட மறைவு கிடைக்காத பிள்ளைகளுக்கு, ஜன்னலுக்கு வெளியே கேட்காமல் நிற்பவனைக் காட்டி இதுதான் ஆழமான அன்பு என்று சொல்லியிருக்கிறேன். உயிரோடு இருக்கும் ஒருத்தன் செய்தால் நாம் தோட்டத் தலைவரிடம் போவோம். செத்தவன் செய்தால் அழகான வாக்கியமாகிவிடுகிறது.

இன்னொருத்தி கணக்குப் போட்டாள். “1973 ல அவனுக்குப் பதினேழுன்னா இப்ப எழுபது வயசு டீச்சர்.” பேய்க்கு வயசாகாது என்றேன். “அப்ப ஏன் அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு?” சரி, அதற்கு மேல் நான் வாதாடவில்லை. ஐம்பது வருஷ ஞாபகமுள்ள ஒருவன் பதினாறு வயதுப் பிள்ளையைத் தேடிவருகிறான் என்றால், முகம் எத்தனை இளமையாக இருந்தாலும் விஷயம் விஷயம்தான். 1995 இலிருந்து நம் நாட்டின் பொதுச் சட்டப்படி கல்யாணத்துக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். அந்தச் சட்டம் தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பது இவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வகுப்பில் கூட இருந்த தோழி ஒருநாள் வராமல் போனதை எல்லாருமே பார்த்திருக்கிறார்கள்.

மூன்றாவது குற்றச்சாட்டு எழுத்தைப் பற்றியது. “அவ பயப்படுறா, அப்புறம் காதலிக்கிறா. எந்தப் பக்கத்துல மாறினா?” கொப்பியைப் புரட்டினேன். பக்கம் கிடைக்கவில்லை. கிடைக்காததன் காரணம் கிடைத்தது. “நெஞ்சு படபடத்தது” என்று ஒன்பது இடத்தில் எழுதியிருந்தேன், நாலு பயத்துக்கு, ஐந்து காதலுக்கு. ஒரே சொல்லை வைத்து இரண்டையும் சமாளித்திருக்கிறேன். படபடப்பைக் காதல் என்று வாசகர் தானாக நினைத்துக்கொள்வார் என்ற சோம்பேறித்தனம். அதைவிட மோசமான விளைவும் உண்டு. தன்னைப் பயமுறுத்துகிறவன் மேல் வரும் நடுக்கத்தைக் காதலென்று ஒரு பிள்ளை எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே பயத்தின் உடம்பையும் காதலின் உடம்பையும் பிரித்தேன். பயம் என்றால் என்ன ஆகும் என்று கேட்டபோது கொஞ்சம் வெட்கப்பட்டுச் சொன்னார்கள்: ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வரும், ஆனால் போக முடியாது, கக்கூஸ் லயத்துக்கு வெளியே. போன் டோர்ச் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாது, பனிமூட்டத்தில் பட்டுத் திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும். அம்மாயியை எழுப்பலாம், பாவம் காலையில் பெரட்டுக்கு, வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகவேண்டியவள். அப்படியே காலைப் பின்னிக்கொண்டு விடியும்வரை படுத்திருப்பது. இதை அப்படியே கதையில் வைத்தேன். நான் எழுதியதிலேயே ஆகப் பயங்கரமான இரண்டு பக்கம் அதுதான், அதில் பேய் வரவே இல்லை.

காதலில் என்ன ஆகும்? “வாய் ஓயாது டீச்சர்.” “சும்மா சும்மா சிரிப்பு வரும்.” “அவன் போற பஸ்ல ஏறி, எறங்க வேண்டிய எடத்துல எறங்காம விட்டுருவோம்.” சொன்னவள் உடனே, தன்னைச் சொல்லவில்லை என்றாள்.

ரதி வேஷக்காரன்

மேகலாவுக்கு உயிரோடு இருக்கும் ஒருவன் தேவைப்பட்டான். எங்கே கண்டுபிடிப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, காமன் கூத்து இருக்கிறதே.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாசி அமாவாசைக்குப் பிறகு தோட்டத்தில் காமன் கம்பம் நட்டுக் காப்புக் கட்டுவார்கள். பௌர்ணமியை ஒட்டி விடிய விடியக் கூத்து. சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்து சாம்பலாகிறான். ரதி ஒப்பாரி வைக்கிறாள். கடைசியில் மன்மதன் திரும்பக் கிடைக்கிறான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். இறந்துபோன காதலன், ஒருத்திக்கு மட்டும் தெரியும் உருவம், தப்பு மேளச் சத்தம், தீ. பேய்க்காதல் கதைக்கு வேண்டிய எல்லாம் எங்கள் மைதானத்தில் வருஷாவருஷம் நடந்துகொண்டிருக்க, நான் வெளியூர்க் கதைகளில் வரும் வெளுத்த முகத்து அழகனைத் தேடிப் போயிருக்கிறேன்.

ரதி வேஷம் கட்டுவது ஆண்பிள்ளைதான். மேகலாவுக்குப் பிடித்துப்போவது மன்மதனை அல்ல, ரதி வேஷம் கட்டும் பதினேழு வயதுப் பையனை. சேலையைச் செருகத் தெரியாமல் அவன் தடுமாறும்போது இவள் ஊசி கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ஒப்பாரி சொல்லும்போது அவனுக்கு மெய்யாகவே அழுகை வருகிறது, அவன் தாயும் வெளிநாட்டில். காட்சியைச் சொன்னதும் பெண்பிள்ளைகள் கைதட்டினார்கள். பையன்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு அவர்களில் ஒருவன், போன வருஷம் தான்தான் ரதி என்று சொன்னான். ஊசி எங்கே குத்த வேண்டும் என்பதில் என் தவறைத் திருத்தியதும் அவன்தான்.

இந்தக் காதலில் அதிகமாக ஒன்றும் நடக்கவில்லை. ஒருமுறை கை பிடிக்கிறார்கள். ஒருமுறை அவன் படம் ஒன்று அனுப்பச் சொல்கிறான். மேகலா மாட்டேன் என்கிறாள். அவன் மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, பீலிக்கரையில் வந்து, கேட்டது பிழை என்கிறான். சின்னச் சம்பவம்தான், ஆனால் வாசிக்கும்போது அறையில் மூச்சுச் சத்தம் இல்லை. பேயைவிட அந்த மூன்று நாள்தான் பயமாக இருந்தது என்று பிறகு ஒருத்தி சொன்னாள்.

கோடாங்கி வந்த இரவு

இந்தப் பகுதியைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. முதல் பிரதியில் மேகலா விழுந்து கைகால் வெட்டி இழுப்பதையும், உடுக்கை அடித்துக் கேள்வி கேட்பதையும், வேப்பங்குழை அடியையும் விஸ்தாரமாக எழுதியிருந்தேன். வாசிப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் ஒரு பிள்ளை பாயைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். தன் வீட்டில் ஒருவருக்கு வலிப்பு, மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் இரண்டு வருஷம் இப்படித்தான் அடி வாங்கினார் என்றாள். அதற்கு மேல் அவள் சொன்னது இங்கே வராது.

அந்தக் காட்சி முழுவதும் போயிற்று. கோடாங்கியைக் கேலிக்காரனாக்கி எழுதலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அதுவும் பொய்தான். ஆஸ்பத்திரி தூரமும் பஸ் இல்லாத நேரமும் அந்த ஆளை விட்டால் வேறு நாதியில்லை என்ற நிலைமையும் கோடாங்கி உண்டாக்கியதல்ல. கொப்பியின் பின்னட்டையில் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தையும் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும் பெரிதாக எழுதிவைத்தேன். கதைக்குள் எந்தப் பாத்திரமும் அவற்றைச் சொல்வதில்லை. பாத்திரம் சொன்னால் பிள்ளைகள் பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள்.

பேய் இருக்கிறதா

கனவு என்று முடித்ததற்குத்தான் ஆகக் கூடுதலாகத் திட்டு வாங்கினேன். “அம்பது பக்கம் பயந்ததுக்கு என்ன டீச்சர் அர்த்தம்?” நான் கனவுக்குள் ஒளிந்ததற்குக் காரணம் உண்டு. பாடசாலை நூலகத்துக்குக் கொடுக்க நினைத்து ஒருவரிடம் காட்டியபோது, மூடநம்பிக்கையை வளர்க்கிறதென்று திருப்பித் தந்தார். மலையகத்தில் எழுதவந்த முன்னோர் நாட்கூலியையும் வாக்குரிமையையும் எழுதினார்கள், பேயெல்லாம் எதற்கு என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் பயந்து கடைசிப் பக்கத்தில் காய்ச்சலைக் கொண்டுவந்தேன்.

இப்போது யோசித்தால், தேயிலைத் தோட்டத்து ஸ்டோருக்குள்ளேயே ரோதமுனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். பட்டியும் சக்கரமும் கையை இழுத்துக்கொள்ளும் இடத்தில் அவருக்குப் பூசை. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவருக்குக் கவ்வாத்துசாமி. எங்கள் ஆட்கள் பயத்தைச் சரியான இடத்தில்தான் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். இயந்திரம் கையை வெட்டும் என்பதை ரோதமுனி மறைக்கவில்லை, ஒவ்வொரு நாளும் ஞாபகப்படுத்துகிறார். என் முதல் பிரதியின் பேய் மறைத்தது, மண்சரிவையும், ஜன்னலில் நிற்பவனையும், வலிப்பையும். மூன்றுக்கும் பேய் என்று பேர் வைத்து, கடைசியில் பேயும் இல்லையென்று கையை விரித்துவிட்டேன்.

இரண்டாம் பிரதியில் பேய் மெய்யாகவே இருக்கிறது. மேகலா பைத்தியமில்லை, காய்ச்சலுமில்லை, அம்மாயிக்கும் பெட்டிச் சத்தம் கேட்கிறது. பேய்க்கு ஒரே ஒரு விதி வைத்தோம், அதை உடைக்கக் கூடாதென்று பிள்ளைகள் சத்தியம் வாங்கினார்கள். கோச்சி போயிருச்சா என்று கேட்டால் பொய் சொல்லக் கூடாது. “இன்னும் இல்ல” என்று சொன்னால் அவன் நம்பி உங்கள் வாசலிலேயே பெட்டியை வைத்து உட்கார்ந்துவிடுவான். பிறகு ஒவ்வொரு இரவும் ஸ்டேஷனுக்குக் கூட வரச்சொல்லிக் கதவைத் தட்டுவான். லயத்தில் ஐம்பது வருஷமாக எல்லாரும் இரக்கப்பட்டு அந்தப் பொய்யைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள், அம்மாயி உட்பட.

இரண்டாம் வாசிப்பு

மாசியில், காமன் கம்பம் நட்ட வாரத்தில் மறுபடி வாசித்தேன். இம்முறை ஒரு தாத்தாவும் வந்திருந்தார், ஒரு பிள்ளையின் அப்பாவைப் பெற்றவர். காதல் கதை எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்களாமே என்று விசாரிக்க வந்தவர். வாசல் படியில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் கேட்டார். பெட்டி இழுக்கும் இடம் வந்ததும் குறுக்கிட்டார். “பெட்டிய ஆரும்மா இழுப்பா? உள்ளுக்கு இருக்கிற சட்டி பானை ஒடஞ்சிரும். ரெண்டு பேரு தூக்குவோம். ஆள் இல்லாதவன்தான் இழுப்பான்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் அனுமதியோடு அம்மாயியின் வாயில் வைத்துவிட்டேன். காதல் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது, ஹட்டனிலிருந்து கோச்சி புறப்பட்டால் மலை வளைவில் மறையும்வரை அழுகைச் சத்தம் கேட்கும், மறைந்ததும் கேட்காது என்று மட்டும் சொன்னார்.

கடைசிக் காட்சியில் மேகலா கதவைத் திறக்கிறாள். விதிப்படி உண்மையைச் சொல்லவேண்டும். என்ன சொல்லிக் கூப்பிட்டுச் சொல்வாள்? அங்கேதான் சண்டை வந்தது. முதல் பிரதியில் “நீங்க” என்றும், காதல் வந்த பிறகு “நீ” என்றும் எழுதியிருந்தேன். பெயர் சொல்லலாம் என்றான் ஒருவன். முன்பின் தெரியாத ஆம்பளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாளா என்று மற்றவர்கள் அடக்கினார்கள். ஜன்னல் விஷயத்தைக் கேட்டவள்தான் “அண்ணே” என்றாள். சொல்லிப் பார்த்தோம். “கோச்சி போயிருச்சுண்ணே. எங்க தாத்தாவும் அதுல போகல. நாங்க இங்கதான் இருக்கோம்.” அந்த ஒரு சொல்லில் அவனிடமிருந்த பயமும் குறைந்தது, ஜன்னலில் நிற்கும் உரிமையும் போய்விட்டது. கொப்பியில் அப்படியே எழுதினேன்.

கணக்குப் போட்ட பிள்ளைக்கு மட்டும் சம்மதமில்லை. எழுபது வயசுக்காரரை யாராவது அண்ணே என்பார்களா என்று அன்று முழுக்க முணுமுணுத்தாள். கொப்பி ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தபோது பார்த்தேன், கடைசிப் பக்கத்தில் “ண்ணே” மேல் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில் “தாத்தா”.